பன்னிரண்டங்குலப் புல்லி

துளசிமணிக்கு நடந்த அநியாயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மற்றதைச் சொல்ல ஆரம்பித்தால் எல்லோரும் சூரியனைப் பற்றித்தான் பேசுவார்கள், அவளை மறந்துபோவார்கள். ஊத்துக்காட்டுப்புதூர் ஜின்னிங் மில்லின் ஸ்டோரைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டவள் அவள். மோட்டாருக்கு எட்டங்குலப் புல்லிதான் வேண்டும் என்று தன் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் பொன்னுரங்கம் அந்தச் சீட்டைச் சுருட்டிக் காது குடைந்துவிட்டு, பன்னிரண்டங்குலப் புல்லியை வாங்கி மாட்டினார். மாட்டியதால் வந்த வினை ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு, ‘புல்லியைத் தேர்வு செய்தவர்: ஸ்டோர் துளசிமணி’ என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டி, அவளை வேலையை விட்டும் நிறுத்தினார்.

பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற மில் அது, ஷிஃப்ட் போட்டு இரவும் பகலும் ஓடும். இருபத்து நாலு மெஷின்கள் இரண்டு வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெண் நின்று பருத்தியை வாரிப் போட்டுக்கொண்டிருப்பாள், தரைக்கடியில் ஒரே ஒரு ஷாஃப்ட் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை படுத்துக்கொண்டு இருபத்து நாலையும் சுற்றும். ஷாஃப்டின் தலைமாட்டில் மூன்றடிச் சக்கரம், எதிரே மோட்டார், மோட்டாரின் மூக்காக நீண்ட குட்டி ஷாஃப்டில் புல்லி என்கிற சின்னச் சக்கரம், இரண்டையும் சேர்த்துக் கட்டிய பெல்ட். மோட்டார் தன் வேகத்தில்தான் ஓடும், அதை யாரும் மாற்ற முடியாது. அதன் மூக்கில் இருப்பது சின்னப் புல்லியென்றால் சக்கரம் நிதானமாகப் போகும், பெரிய புல்லியென்றால் பேய் துரத்துகிற மாதிரி போகும். இவ்வளவுதான் விஷயம். இது தெரிய பெரிய படிப்பு வேண்டாம், ஆனால் துளசிமணி ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவள், பதினெட்டு பையன்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து படித்தவள், மில்லில் அவளை ஃபிட்டராக எடுக்காமல் ஸ்டோரில் உட்காரவைத்ததே வேறொரு அநியாயம், அதற்குத் தனிக் கதை வேண்டும்.

பழைய எட்டங்குலப் புல்லியில் பெல்ட் உட்காருகிற வரிகள் தேய்ந்து பெல்ட் வழுக்க ஆரம்பித்திருந்தது. அவள் குனிந்து அளந்து பார்த்துவிட்டு மேனேஜரிடம் வந்து சொன்னாள்.

“எட்டுக்கு எட்டே வாங்கீரலாங்க சார். வரிதான் தேஞ்சிருக்குது, அளவுல தப்பில்லீங்க.”

“பன்னெண்டு போட்டா என்னாகும்?”

“ஒண்ணுக்கு ஒண்ணரை வேகம் ஓடுமுங்க.”

“அப்பறமென்ன, நல்லதுதான?”

“யாருக்குங்க நல்லது? ரோலர் சூடாயிப் பஞ்சு கருகும். பேரிங் தாங்காது. முன்னால நின்னு பருத்தி போடறவ கையி மெஷினு வேகத்துக்குப் போகுமுங்களா?”

“மொதலாளிக்கு நல்லது,” என்றார் பொன்னுரங்கம். முதலாளி திருப்பூரில் இருந்தார். அவர் இந்தக் கதையில் கடைசிவரை திருப்பூரிலேயேதான் இருப்பார்.

அவள் விடவில்லை. பன்னிரண்டுதான் என்று முடிவாகிவிட்டால் கூடவே ஒரு புல்லரும் வாங்கிவிட வேண்டும் என்றாள். மோட்டார் ஷாஃப்டில் ஏறி இறுகிய புல்லியைப் பின்பக்கம் கால்களைக் கொக்கியாகக் கொடுத்துப் பிடித்து, நடுவில் இருக்கிற திருகைத் திருகத் திருக மெல்ல வெளியே இழுக்கிற சாமான் அது. ஸ்டோரில் இருந்ததற்கு இரண்டே கால், பத்தங்குலத்துக்கு மேல் விரியாது.

“பன்னெண்டுக்கு மூணு கால் புல்லர் வேணுமுங்க. ரெண்டு காலு ஒருபக்கமா இழுத்து வெளிம்ப ஒடச்சுப்போடும். ஏத்தறதுக்கு முந்தி எறக்கறதுக்கு வழி வெச்சுக்கோணுமுங்க.”

“கண்ணாலத்துக்குச் சீர் வாங்கப் போற எடத்துல பாடை மூங்கிலுக்கும் வெல கேக்கறவளாட்ட இருக்கற நீ,” என்றார் அவர். “மாட்டறப்பவே கழட்டறதப் பத்திப் பேசறதா? வாயக் கழுவு, போ.”

ஃபிட்டர் மாரப்பன் பக்கத்தில்தான் நின்றான். கேட்டான். சிரித்தான்.

வெள்ளிக்கிழமை பூஜை. புல்லிக்குச் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. மோட்டார் ஷாஃப்டைத் துடைத்து எண்ணெய் தடவி ஏற்றுங்கள் என்று துளசிமணி ஸ்டோர் ஜன்னலிலிருந்து சொன்னாள், மேனேஜரோ மோட்டார் தலையில் தேங்காயை உடைத்து, குளிரட்டும் என்று அந்தத் தண்ணீரை ஷாஃப்டின் மேலேயே ஊற்றினார், ஈரத்தோடு ஈரமாக மாரப்பன் சம்மட்டியால் நாலு போடு போட்டு ஏற்றினான். அந்த ஊரில் எந்த மெஷினையும் அப்படித்தான் ஏற்றுவார்கள். எதையும் கழற்ற வேண்டியிருக்கும் என்று அவர்கள் நினைத்ததே இல்லை.

சுவிட்சைப் போட்டது காலை ஒன்பது மணிக்கு. ஷாஃப்ட் ஒரு முனகு முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது, ஊருக்கு மேலே சூரியனும் லேசாக ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு, பெல்ட்டின் நுனி அதிலும் மாட்டிக்கொண்ட மாதிரி, முன்னைவிட வெரசாக நகர ஆரம்பித்தது. மூன்று மணிக்கு அந்தி சாய்ந்தது. கோழிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கூண்டடைந்தன. மாரப்பனின் மனைவி ராமாத்தாள் வாசலில் காயப்போட்ட மிளகாயைக் கூட்டி அள்ளிக்கொண்டே, “இன்னைக்குப் பொழுது வெரசாப் போவுது,” என்றாள், அதைவிடப் பெரிய வார்த்தை யாரும் சொல்லவில்லை. இரவு பதினோரு மணிக்கு வெடியால ஆகிவிட்டது, பால்காரர் திட்டிக்கொண்டே எழுந்தார், வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள்.

இப்படியாக ஊத்துக்காட்டுப்புதூருக்கு மட்டும் நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஆனது. பள்ளத்துப் பாலத்தைத் தாண்டினால் பழையபடி இருபத்து நாலு. பஸ் கண்டக்டர் பாலத்தின் மேல் வந்ததும், “புதூர்க்காரங்கெல்லாம் தேதியப் பாத்துக்குங்க,” என்று ஒரு குரல் கொடுப்பார், அவ்வளவுதான், டிக்கெட் கிழிக்கப் போய்விடுவார். பூசாரி ஆறுகால பூஜையை நாலாகக் குறைத்தார், அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. தினக்காலண்டர் ஆகஸ்ட் மாதத்திலேயே தீர்ந்துபோய், கிழித்த தாள்களைத் தேடிப் பொறுக்கி மறுபடி கட்டித் தொங்கவிட்டார்கள். பருத்தி காய் வெடிக்க அதிக நாள் எடுத்தது. கர்ப்பிணிகள் பதிமூன்று மாதம் முடிந்து பதினாலாம் மாதத்தில் பெற்றார்கள், மாமியார்மார்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு மருமகளின் முகத்தைப் பார்த்தார்கள், மேலே பார்க்கத் தோன்றவில்லை ஒருத்திக்கும்.

ஒருநாள் உச்சியில் கரண்ட் போனது. ஷாஃப்ட் நின்றது, சூரியனும் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே நின்றது. முக்கால் மணி நேரம் நின்ற வெயிலில் ஊர் வறுபட்டது. அதிலிருந்து மோட்டாரை நிறுத்துவதென்றாலே எல்லோருக்கும் பயம், ஜெனரேட்டர் வாங்கினார்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு போனது. பருத்தி வராத நாளில்கூட, பொழுது நகர வேண்டுமே என்று, மில்லைச் சும்மாவே ஓட்டினார்கள், சும்மா ஓடுகிற மெஷின் முன்னாலும் ஒரு பெண் நின்றாள்.

இதில் யாருக்கு என்ன கெட்டுப்போனது என்று கேட்டால், ஆண்களுக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதுதான் பதில், அதைத்தான் ஊரில் ஒருவரும் உரக்கச் சொல்லவில்லை. துளசிமணியின் கணவன் சென்னியப்பன் அதே மில்லில் பஞ்சை அழுத்திப் பொதியாக, பேல் கட்டுகிறவன். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், எட்டும் எட்டும் பதினாறு, நாள் கச்சிதமாக முடிந்தது. “நாள் நல்லாத்தான இருக்குது, வெட்டி நேரந்தான் போயிருச்சு,” என்பான் அவன். அவன் வெட்டி நேரம் என்று நினைத்திருந்த அந்த எட்டு மணி நேரத்தில்தான் அதுவரை அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்பது அவனுக்குத் தெரியாது, ஏனென்றால் அப்போதெல்லாம் அவன் டீக்கடையில் இருப்பான், அல்லது அவனும் தூங்குவான். பெண்களுக்கு மில்லில் எட்டு. தண்ணீர் பிடிக்க, சமைக்க, பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க, மாட்டுக்குத் தீவனம் போட, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப, படுத்துக்கிடக்கிற மாமனாருக்குக் கஞ்சி ஊற்ற ஏழு. எட்டும் ஏழும் பதினைந்து. மிச்சம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் தூங்கினார்கள். ஊரில் பாதிப்பேர் அசதியில் நடமாடுகிறார்கள் என்பது மீதிப் பாதிக்குத் தெரியாமலே ஒரு வருஷம் ஓடுமா என்றால், ஓடும்.

பெண்கள் நின்றுகொண்டே தூங்கப் பழகினார்கள். கண் மூடியிருக்கும், கை பருத்தியை வாரிப் போட்டுக்கொண்டிருக்கும். தோசைக்கல்லின் முன்னால் தூங்கினார்கள், திருப்பிப் போடுகிற நேரத்துக்குச் சரியாக விழித்தார்கள். கடைசியில் முப்பது நாற்பது பேர் திரண்டு மில் கேட்டுக்குப் போய், அந்தச் சக்கரத்தைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்டார்கள். கத்தக்கூட இல்லை, தெம்பு இல்லை. அன்றைக்குத்தான் பொன்னுரங்கம் நோட்டீஸை ஒட்டினார், துளசிமணியைக் கூப்பிட்டு ஸ்டோர் சாவியை வாங்கிக்கொண்டார்.

“நான் எழுதுன சீட்டு எங்கீங்க சார்?”

“எந்தச் சீட்டு?”

பதினோரு வருஷம் வாதாடிப் பார்த்தவள், அன்றைக்கு அசந்துபோய் வெளியே நடந்தாள்.

மேனேஜரைத் திட்டத் தெம்பில்லாத பெண்களுக்குத் துளசிமணியைத் திட்டத் தெம்பிருந்தது. பக்கத்து வீட்டுக்காரியைத் திட்ட நடந்து போக வேண்டியதில்லை அல்லவா. தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். “உன்ர புல்லி என்ர தூக்கத்த முழுங்கிருச்சு தாயி,” என்று ஒருத்தி சொன்னாள், கோபமாகக்கூட அல்ல, வெந்நீர் ஆறிவிட்டது என்று சொல்கிற குரலில். துளசிமணி மில்லை விட்டுக் கடலைக் களத்துக்குப் போனாள், கடலை உடைக்கிற இடத்திலும் அதே எட்டு மணி நேரம். போகிற வழியில் நோட்டீஸ் போர்டு. தினமும் இருமுறை தன் பெயரைப் படித்துக்கொண்டு போனாள்.

அந்தச் சமயத்தில்தான் ராமாத்தாள் தூக்கச் சீட்டை ஆரம்பித்தாள். பணம் கிடையாது அதில். எட்டுப் பேர் ஒரு சீட்டு. தினமும் குலுக்கி ஒரு பெயர் எடுப்பது. மற்ற ஏழு பேரும் தங்களுக்கு மிஞ்சுகிற ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்து, ஆளுக்கொரு மணியாக, சீட்டு விழுந்தவள் வீட்டு வேலை ஏழு மணி நேரத்தையும் முடித்துவிடுவது. அவள் தன் ஒன்றும் அந்த ஏழுமாக எட்டு மணி நேரம் தூங்குவது. கூட்டிக் கழித்தால் ஒரு நிமிஷம்கூட யாருக்கும் கூடவில்லை. ஆனாலும் எட்டு நாளுக்கு ஒருமுறை முழுசாகத் தூங்கி எழுந்தவள் தண்ணீர்க் குழாய்க்கு வரும்போது எல்லோரும் அவள் முகத்தைப் பார்க்க வருவார்கள், புதுப்பெண்ணைப் பார்க்க வருகிற மாதிரி. சீட்டுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது: சீட்டு விழுந்தவளை எழுப்பக் கூடாது. வீடு தீப்பிடித்தால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகலாம், எழுப்பக் கூடாது. புருஷன்மார்கள் முதலில் சிரித்தார்கள், ராமாத்தாள் ஒருவனை விளக்குமாற்றோடு தெருக்கோடி வரை துரத்திய பிறகு சட்டம் நிலைத்தது.

அந்தச் சீட்டில் துளசிமணியைச் சேர்க்கவில்லை.

சேர்த்தது எப்படியென்றால், மாரப்பன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, “பாவம் அந்தப் புள்ள, எட்டுத்தான் வேணும்னு அன்னைக்கே சொல்லுச்சு, புல்லரு வேற வாங்கச் சொல்லுச்சு, இந்தாளு பாடை மூங்கிலுன்னு என்னமோ சொல்லிச் சிரிச்சாரு,” என்றான். ராமாத்தாளின் கையில் குழம்புக் கரண்டி இருந்தது.

“இத எப்பச் சொல்ற நீ?”

“கேட்டாத்தான சொல்லுவேன்.”

“பத்து மணி நேரம் தூங்கி எந்திரிச்சவனாட்டப் பேசறான் பாரு,” என்று சொல்லிவிட்டு அவனுக்கு ஊற்ற வேண்டிய குழம்பைச் சட்டியிலேயே திருப்பி ஊற்றினாள், சட்டியை மூடினாள், நேராகத் துளசிமணி வீட்டுக்குப் போனாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “நாளையிலிருந்து எங்க சீட்டுல நீ எட்டாவது ஆளு. நாங்க ஏழு பேர்தான் இருக்கறம், ஒருத்தி பிரசவத்துக்குப் போயிட்டா,” என்றாள். துளசிமணி உட்கார்ந்த இடத்திலேயே தலையாட்டினாள். இரண்டு சுற்று போனது. முதல் சுற்றில் அவள் பெயர் விழுந்த அன்று மாமனாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டியதாயிற்று, இரண்டாம் சுற்றில் பச்சைக் குழந்தைக்காரி ஒருத்தி சுவரில் சாய்ந்தபடி அழுததைப் பார்த்து அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். ஆக புல்லி ஏறிய நாளிலிருந்து துளசிமணி ஒருநாள்கூட முழுசாகத் தூங்கவில்லை.

பொன்னுரங்கத்துக்கு ஞானம் வந்த விதம் வேறு. மில் ஆபீஸில் தொங்குவது ஊர்க் காலண்டர். அதன்படி அவருக்கு ஐம்பத்தெட்டு வயது நிறைந்துவிட்டது, திருப்பூரிலிருந்து ஓய்வுக் கடிதம் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு இன்னும் வயசிருக்கிறது என்று அவர் எழுதிப் போட்டார், நீங்கள் வேலை பார்ப்பது இந்தப் பக்கம்தானே என்று பதில் வந்தது. நாற்பது பெண்கள் கேட்டில் நின்று சொன்னபோது விளங்காதது ஒரே ஒரு கடிதத்தில் விளங்கிவிட்டது அவருக்கு.

கோயமுத்தூரிலிருந்து ஆள் கூட்டிவந்தார். உச்சி வெயிலில் மோட்டாரை நிறுத்தி, அந்த ஆள் கொண்டுவந்த பெரிய இரண்டு கால் புல்லரைப் போட்டு இழுத்ததில் ஒரு கால் வளைந்தது, சம்மட்டியால் அடித்ததில் புல்லியின் விளிம்பு சில்லுத் தெறித்தது, கேஸ் வைத்துச் சூடு பண்ணியதில் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் பூஜைத் தேங்காய்த் தண்ணீர் உள்ளே துருவாக மாறிப் புல்லியும் மோட்டார் ஷாஃப்டும் ஒரே இரும்பாகிவிட்டிருந்தன. நாலு மணி நேரம் சூரியன் தலைக்கு மேலேயே நின்றது. ஊர் திரண்டு வந்து, முதலில் மோட்டாரைப் போடு என்றது. வந்த ஆள் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு, “இத ஏத்துன புண்ணியவான் யாருங்க?” என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகுதான் பொன்னுரங்கம் கடலைக் களத்துக்கு வந்தார். துளசிமணி எழுந்திருக்கவில்லை. அவர்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“நடந்தது நடந்துபோச்சு அம்மிணி. நீயும் அன்னைக்கே கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.”

அவள் கடலையை உடைத்துக்கொண்டே இருந்தாள். பத்து, பன்னிரண்டு கடலை உடைந்திருக்கும்.

“மூணு கால் புல்லர் வாங்கியாங்க,” என்றாள். “பதினாலங்குலம் விரியறதா. காலு நீளம் எட்டங்குலத்துக்குக் கொறையக் கூடாது, கொறஞ்சா புல்லிக்குப் பொறகால எட்டாது. திருகு முனை தனியாச் சுத்தறதாப் பாத்து வாங்குங்க, இல்லாட்டி ஷாஃப்ட் மூஞ்சி நசுங்கிப்போகும். எட்டங்குலப் புல்லி ஒண்ணு. துருவுக்கு ஊத்தற எண்ணெய் ஒரு டப்பா, அத மூணு நாளு வெடியாலயும் பொழுதோடயும் மாரப்பண்ணன ஊத்தச் சொல்லுங்க. தேங்காய் வேண்டாம்.”

“செரி.”

“நோட்டீஸ்ல யாரு தேர்வு பண்ணதுன்னு மாத்தி எழுதோணும். உங்க கையெழுத்துல.”

அவர் கொஞ்ச நேரம் கடலைத் தொலியைக் கிளறினார். “அத அப்பறம் பாத்துக்கலாம்.”

“அப்ப இதையும் அப்பறம் பாத்துக்கலாங்க.”

மூன்றாம் நாள் நோட்டீஸ் மாறியது. ‘பன்னிரண்டங்குலப் புல்லியைத் தேர்வு செய்தவர்: மேனேஜர் பொன்னுரங்கம். எட்டங்குலம் போதும் என்று சொன்னவர்: துளசிமணி.’ இரண்டாவது வரியை எழுதச் சொன்னது ராமாத்தாள். அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள், நின்றபடியே கொஞ்சம் தூங்கவும் செய்தாள். புல்லர் வந்துவிட்டது, புல்லி வந்துவிட்டது, மூன்று நாளாக எண்ணெய் ஊறிவிட்டது. உச்சியில் நிறுத்த வேண்டாம், வெயில் சாயும்போது நிறுத்துங்கள் என்று துளசிமணி சொல்லியனுப்பியிருந்தாள், அதன்படியே நாலாம் நாள் பொழுதோட மோட்டாரை நிறுத்தினார்கள். ஷாஃப்ட் இழுத்து இழுத்து ஓய்ந்தது. சூரியன் பனைமரத்தின் கழுத்தளவில், காய்ச்சி ஆறவைத்த பால் நிறத்தில், அப்படியே நின்றது. சூடு இல்லை. காற்று இருந்தது. மில்லுக்குள் மெஷின்கள் ஓய்ந்த நிமிஷத்தில் பருத்தி வாரிக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தி ஒருத்தியாகப் பஞ்சுக் குவியலில் சாய்ந்தார்கள், சாய்ந்தவர்கள் எழவில்லை.

மேனேஜரும் மாரப்பனும் சென்னியப்பனும் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்களும் புல்லரைத் தூக்கிக்கொண்டு துளசிமணி வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் ராமாத்தாள் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே இரண்டு பெண்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், இன்னொருத்தி மாமனாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள், ஒருத்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். துளசிமணி பாயை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மிணி, எல்லாம் தயாரு,” என்றார் பொன்னுரங்கம். “மோட்டார நிறுத்தியாச்சு. பொழுது நிக்குது பாரு. ஊரே காத்துக்கிட்டு இருக்குது, வா போலாம்.”

அவள் எட்டி வெளியே பார்த்தாள். பனைமரத்தில் சூரியன் இருந்தது. பார்த்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள், கால்களை நீட்டினாள், முடியை அவிழ்த்துவிட்டாள்.

“அதான் நின்னுருச்சுல்லீங்க, எங்கயும் போயிராது,” என்றாள். “இன்னைக்குச் சீட்டு என்ர பேர்ல உழுந்திருக்குது. தூங்கி எந்திரிச்சு வர்றேன்.”